பதிவு இருக்கிறது, தேடினால் வரவில்லை: தரவுத்தளத்தில் தமிழ்த் தேடலைச் சரிசெய்யும் வழிமுறை

சொல் இருக்கும் பதிவு கண்ணெதிரே திரையில் நிற்கிறது. அதே சொல்லைத் தேடுபெட்டியில் தட்டினால் ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வருகிறது. உடனே பலரும் குவெரியில், அதாவது தரவுத்தளத்துக்கு அனுப்பும் தேடல் கட்டளையில், கை வைக்கிறார்கள். லைக் போட்டுப் பார்ப்பது, சதவீதக் குறியை முன்னும் பின்னும் சேர்ப்பது, இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் அட்டவணையை) அழித்துத் திரும்பக் கட்டுவது என்று ஒரு நாள் அதிலேயே போய்விடும். குவெரியைக் கடைசியில் தொடுங்கள். தமிழைப் பொறுத்தவரை கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பைட்டுகள் தப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம், அல்லது சொற்கள் தப்பாக வெட்டப்பட்டிருக்கலாம். இந்த இரண்டையும் தரவுத்தளத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகிய மூன்று தரவுத்தளங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுகளுக்கு ‘நூல்கள்’ என்றொரு டேபிள், அதில் ‘தலைப்பு’, ‘உள்ளடக்கம்’ என்று இரண்டு நெடுவரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அறிகுறி: தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள், அல்லது பிரெஞ்சு போல ஏதோ

‘தமிழ்’ என்ற ஒரே சொல்லை மட்டும் கொண்ட பதிவு ஒன்றைச் செயலி வழியாகவே உள்ளே போடுங்கள். நேராக டெர்மினலில் போட்டால் சோதனை செல்லாது. செயலியின் இணைப்பைத்தான் நாம் சந்தேகப்படுகிறோம். பிறகு மைஎஸ்கியூஎல்லில் லெங்த், கேர்_லெங்த் இரண்டையும் அந்த நெடுவரிசைமீது ஓட்டுங்கள். முன்னது பைட்டுகளை எண்ணும், பின்னது குறிகளை எண்ணும். போஸ்ட்கிரெஸில் முன்னதற்குப் பதில் ஆக்டெட்_லெங்த்.

‘தமிழ்’ யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். ஆகவே 15 பைட், 5 குறி என்று வந்தால் உள்ளே இருப்பது நல்ல தமிழ். கோளாறு காட்டும் இடத்தில் இருக்கிறது. டெர்மினலின் எழுத்துருவையும் இணைப்பின் கிளையண்ட் என்கோடிங்கையும் பாருங்கள், தரவைத் தொடாதீர்கள்.

5 பைட், 5 குறி என்று வந்தால் நிஜமாகவே ஐந்து கேள்விக்குறிகள்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 எழுத்துத் தொகுதிக்குள் தமிழைத் திணித்ததன் விளைவு. அந்தத் தரவை மீட்க வழியில்லை. பேக்கப்பிலிருந்தோ மூலக் கோப்பிலிருந்தோ திரும்ப ஏற்ற வேண்டியதுதான்.

30 பைட், 15 குறி வந்தால் சற்று மூச்சு விடலாம். யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன் எழுத்து என்று நினைத்து இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறது சர்வர். தமிழ்க் குறிகளின் முதல் இரண்டு பைட்டுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், தலையில் சாய்கோடு போட்ட சிறிய ‘ஏ’, அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’, திரும்பவும் அதே ஏ, அதே வட்டம் என்று பக்கம் முழுக்க வரும். கன்வெர்ட் யூசிங் லத்தீன்1 செய்து, அதை காஸ்ட் மூலம் பைனரியாக்கி, அந்த பைனரியை மறுபடி கன்வெர்ட் யூசிங் யூடிஎஃப்8எம்பி4 செய்தால் தமிழ் திரும்பும். டேபிளின் நகல்மீது ஓட்டிப் பார்த்துவிட்டு அசலில் செய்யுங்கள். பாதிப் பதிவுகள் நல்லவையாகவும் பாதி கெட்டவையாகவும் கலந்து கிடப்பது வழக்கம். நல்லவற்றின் மீது இதை ஓட்டினால் அவை கேள்விக்குறியாகிவிடும்.

நான்காவதாக ஒன்று: 15 பைட், 15 குறி. நெடுவரிசை லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது, உள்ளே கிடப்பதோ சுத்தமான யூடிஎஃப்-8. இதை நேராக ஆல்டர் செய்து யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் மேலே சொன்ன இரட்டைக் கோளாறை நாமே உண்டாக்குவோம். முதலில் பிளாப் வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்துத் தொகுதியோடு டெக்ஸ்டுக்கு மாற்றுங்கள்.

மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ் அதற்குள் சரியாக அடங்கிவிடுவதால் பல ஆண்டுகள் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் யாரோ கருத்துப் பெட்டியில் எமோஜி போட, ‘இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ’ என்று பிழை வரும். 8.0 பதிப்பிலிருந்து யூடிஎஃப்8எம்பி4தான் இயல்புநிலை. பழைய டேபிள்களை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

பழைய அச்சகக் கோப்புகளிலிருந்து ஏற்றிய தரவில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாமல், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மட்டும் தெரிந்தால் அது பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியது. அது தமிழாகத் தெரிந்ததே எழுத்துருவின் வேலை. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

அறிகுறி: அதே சொல், சில பதிவுகளில் கிடைக்கிறது, சிலவற்றில் இல்லை

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே இரண்டு விதமாக இருக்கிறது. ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் இருக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று துண்டாகவும் இருக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. சில விசைப்பலகைகளும் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுப்பதும் இரண்டாவது விதத்தைத் தரும். யூனிகோடு இரண்டையும் சமம் என்றே சொல்கிறது, ஆனால் தேடல் இண்டெக்ஸ் அப்படிப் பார்ப்பதில்லை. கண்டுபிடிக்க, கிடைக்கும் பதிவிலும் கிடைக்காத பதிவிலும் அந்தச் சொல்லை மட்டும் வெட்டியெடுத்து கேர்_லெங்த் பாருங்கள். எண் வேறுபட்டால் பிடித்துவிட்டீர்கள்.

இதற்கு என்எஃப்சி நார்மலைசேஷன் (சமமான வடிவங்களை ஒரே வடிவமாக்குவது) போதும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற சார்பு உள்ளேயே இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அப்படி இல்லை. பைத்தானின் யூனிகோட்டேட்டா, பிஎச்பியின் நார்மலைசர், ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் ஆகியவற்றில் எதையாவது செயலியில் வைத்துச் செய்ய வேண்டும். சேமிக்கும்போதும் செய்யுங்கள், பயனர் தட்டிய சொல்லுக்கும் செய்யுங்கள். ஒருபக்கம் மட்டும் செய்தால் இதுவரை கிடைத்துக்கொண்டிருந்ததும் கிடைக்காமல் போகும்.

நார்மலைசேஷன் தீர்க்காத சில உண்டு. ‘ஸ்ரீ’ என்பது ஸகரத்தில் தொடங்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலும் தொடங்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ‘ஸ்ரீரங்கம்’ தேடிப் பாதி மட்டும் வந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். ஒன்றை மற்றதாக மாற்றிவிடலாம், ஆபத்தில்லை.

ஔகாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘கௌதமர்’ என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், பிறகு ளகரமே போட்டு ‘கெளதமர்’ என்று தட்டுவோர் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே ரீபிளேஸில் மாற்றப் போனால் ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘வெளியீடு’ எல்லாம் கெட்டுவிடும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம், விட்டுவிடுங்கள். அடுத்து நேராக இன்னொரு மெய்யெழுத்து வந்தால் மட்டும் மாற்றுங்கள். அதையும் பட்டியல் எடுத்துக் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுவதே நல்லது.

இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் அகலமில்லா இணைப்பான், அகலமில்லா இடைவெளி போன்ற கண்ணுக்குத் தெரியாத குறிகள் சொல்லின் நடுவே ஒளிந்திருக்கும். அவற்றை நீக்குவதையும் அதே இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ‘மாலை’ தேடினால் ‘மூலை’யும் ‘மேலே’யும் வருகின்றன

இது எஸ்கியூலைட்டின் முழுஉரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 மேல் கட்டிய கைபேசிச் செயலிகளில் அடிக்கடி தலைகாட்டும். வேறெங்கும் பார்க்க முடியாத வினோதமான முடிவுகள் என்பதால், முதலில் பார்ப்பவர்கள் தங்கள் குவெரியைத்தான் சந்தேகிப்பார்கள்.

எஃப்டிஎஸ்5இன் இயல்பான டோக்கனைசர் (உரையை டோக்கன்களாக, அதாவது சொல் துண்டுகளாக, வெட்டும் பகுதி) யூனிகோடு61. எழுத்து, எண் ஆகிய யூனிகோடு வகைகளை (தனிப்பயன் குறிகளையும்) மட்டுமே அது சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அதற்கு வெட்டுமிடம். தமிழின் துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி எதுவும் யூனிகோடில் ‘எழுத்து’ வகையில் இல்லை. ‘குறி’ (மார்க்) என்ற வேறு வகையில் இருக்கின்றன. ஆகவே ‘மாலை’ என்பது ‘ம’, ‘ல’ என்ற இரண்டு டோக்கன்களாக வெட்டுப்படுகிறது. ‘மூலை’யும் அப்படித்தான். ‘மேலே’யும் அப்படித்தான். தேடலும் அடுத்தடுத்து நிற்கும் ‘ம’, ‘ல’ என்ற தொடரைத்தான் தேடுகிறது. மூன்றும் அதற்கு ஒன்றே.

உறுதிசெய்ய, எஃப்டிஎஸ்5வொகாப் என்ற மெய்நிகர் டேபிளை உங்கள் தேடல் டேபிளின்மீது உருவாக்கி, அதிலுள்ள டெர்ம்களைப் படியுங்கள். ஒற்றை மெய்யெழுத்துகள் வரிசைகட்டி நின்றால் இதுதான் நோய்.

மருந்து டேபிளை உருவாக்கும் வரியிலேயே இருக்கிறது. டோக்கனைஸ் என்ற இடத்தில் யூனிகோடு61ஐ அடுத்து கேட்டகரிஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்து, ‘எல்*’, ‘என்*’, ‘சிஓ’ என்ற பழைய மூன்றோடு ‘எம்என்’, ‘எம்சி’ இரண்டையும் சேருங்கள். இரண்டும் வேண்டும்: துணைக்கால் எம்சி வகை, புள்ளியும் ஈகாரச் சுழியும் எம்என் வகை. ஒன்றை விட்டால் பாதி சொற்கள் வெட்டுப்பட்டே இருக்கும். இருக்கும் டேபிளில் டோக்கனைசரை மாற்ற முடியாது. புதிய டேபிள் உருவாக்கி உரையைத் திரும்ப ஏற்றுங்கள். இந்த விருப்பம் 3.25 பதிப்பு முதல் உண்டு. கைபேசி இயங்குதளத்தோடு வரும் எஸ்கியூலைட் அதைவிடப் பழையதாக இருக்கலாம், அப்போது உங்கள் செயலியோடு சொந்தமாக ஒன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும்.

போஸ்ட்கிரெஸில் இதே சந்தேகம் வந்தால் டிஎஸ்_டீபக் சார்புக்கு ஒரு முழு வாக்கியத்தைக் கொடுங்கள். எந்தத் துண்டு எந்த வகை டோக்கன், அது எந்த அகராதிக்குப் போனது, என்னவாக வெளியே வந்தது என்று வரிவரியாகக் காட்டும். தேடல் பிழைகளுக்கு இதைவிடப் பயனுள்ள கருவியை நான் பார்த்ததில்லை. மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி_எஃப்டி_ஆக்ஸ்_டேபிள் என்ற மாறியில் தரவுத்தளப் பெயரும் டேபிள் பெயரும் கொடுத்துவிட்டு, இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் உள்ள இன்னோடிபி_எஃப்டி_இண்டெக்ஸ்_டேபிளைப் படியுங்கள். இப்போதுதான் நுழைத்த பதிவுகள் அதற்குப் பக்கத்திலுள்ள ‘கேஷ்’ டேபிளில் இருக்கும்.

அறிகுறி: மைஎஸ்கியூஎல்லில் ‘விபத்து’ கிடைக்கிறது, ‘தீ’ கிடைக்கவே இல்லை

மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் 3 குறிக்குக் குறைந்த சொற்களை இயல்பாகச் சேர்ப்பதில்லை. தீ, பூ, கை, பை எல்லாம் இரண்டு குறி. ‘மழை’ நம் கண்ணுக்கு இரண்டெழுத்து என்றாலும் ஐகாரக் குறியோடு மூன்றாகி உள்ளே வந்துவிடுகிறது. பழைய மைஐசாம் டேபிளில் எல்லை 4. அங்கே மழையும் போச்சு. இன்னோடிபி_எஃப்டி_மின்_டோக்கன்_சைஸை 1 ஆக்கி, சர்வரை ரீஸ்டார்ட் செய்து, இண்டெக்ஸை அழித்துத் திரும்பக் கட்டுங்கள். ரீஸ்டார்ட் மட்டும் செய்துவிட்டு ‘மாற்றியும் வேலை செய்யவில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

எண் 1191 பிழை வந்தால், மேட்ச் உள்ளே எழுதிய நெடுவரிசைகளும் இண்டெக்ஸில் உள்ளவையும் ஒன்றாக இல்லை என்று பொருள். ‘தலைப்பு, உள்ளடக்கம்’ மீது கட்டிய இண்டெக்ஸைத் தலைப்பை மட்டும் தேடப் பயன்படுத்த முடியாது. அதற்குத் தனி இண்டெக்ஸ் வேண்டும். சோதனைக்காக மூன்றே பதிவு போட்டு எதுவும் வரவில்லை என்றால் டேபிள் மைஐசாமா என்று பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் இருக்கும் சொல்லை அது இயல்பான தேடல் முறையில் பொருட்படுத்தாது. டிரான்சாக்ஷனுக்குள் நுழைத்ததை கமிட் செய்யும் முன் அதே டிரான்சாக்ஷனில் தேடினாலும் வராது. தானியங்கிச் சோதனை எழுதுவோர் கவனிக்க.

உரையைச் சம நீளத் துண்டுகளாக வெட்டும் என்கிராம் பார்சரைப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். சீனம், ஜப்பானியம், கொரியம் போன்றவற்றுக்காக வந்தது அது. தமிழில் போட்டால் இயல்பான முறையில் இரண்டிரண்டு குறித் துண்டுகளில் ஏதாவது ஒன்று இருந்தாலே பதிவு வந்துவிடும், முடிவுகள் வெள்ளமாகக் கொட்டும். போட்டே ஆக வேண்டுமென்றால் பூலியன் முறையில் மட்டும் தேடுங்கள். அங்கே துண்டுகள் தொடராகப் பொருந்த வேண்டும்.

அறிகுறி: ‘கோயில்’ வருகிறது, ‘கோயிலில்’, ‘கோயிலுக்கு’ உள்ள பதிவுகள் வரவில்லை

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் இது எல்லாத் தரவுத்தளத்திலும் வரும். முன்னொட்டுத் தேடல் போட்டால் சரியாகிவிடும் என்று ‘கோயில்’ என்பதோடு நட்சத்திரக் குறி சேர்த்துப் பார்ப்பார்கள். அப்போதும் ‘கோயில்கள்’ மட்டும்தான் வரும். ‘கோயிலில்’ என்ற சொல்லில் முதல் லகரத்துக்குப் புள்ளி கிடையாது. புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிட்டது. தேடும் சொல்லோ புள்ளியில் முடிகிறது.

எனவே சொல் புள்ளியில் முடிந்தால் அந்தப் புள்ளியை வெட்டிவிட்டு முன்னொட்டாகத் தேடுங்கள். ‘கோயில’ என்று தேடினால் கோயில், கோயிலில், கோயிலுக்கு, கோயில்களில் எல்லாம் வரும். உகரத்தில் முடிந்தால் உகரக் குறியை வெட்டுங்கள்: ‘வீடு’ என்பது ‘வீட’ ஆகும், அது ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ இரண்டையும் பிடிக்கும், ஏனென்றால் குறிவரிசையில் அவையும் வ, ஈகாரக் குறி, ட என்றே தொடங்குகின்றன. ‘தமிழ்த் தேடல்’, ‘தமிழ்ப் பாடம்’ என்று வல்லினம் மிகுந்து நிற்கும் சொற்களும் இதே வழியில் அகப்படும். மகர ஈற்றுச் சொற்களுக்கு மட்டும் இந்த வித்தை மோசம். ‘மரம்’ என்பதை ‘மர’ ஆக்கினால் ‘மரத்தில்’ வரும், கூடவே மரபும் மரணமும் மரியாதையும் வரும். அங்கே ‘மரம்’, ‘மரத்த’, ‘மரங்க’ என்று மூன்றை ‘அல்லது’ போட்டுத் தேடுவது நல்ல பலன் தரும்.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோருக்கு இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரியாது: 12ஆம் பதிப்பிலிருந்து ஸ்னோபால் தொகுப்பின் தமிழ் ஸ்டெம்மர் (சொல்லின் ஈற்றை வெட்டி வேரை எடுக்கும் கருவி) உள்ளேயே வருகிறது. ‘தமிழ்’ என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலே அதன் கான்ஃபிக் பெயர். டிஎஸ்_லெக்சைஸ் சார்புக்கு டமில்_ஸ்டெம் என்ற அகராதிப் பெயரையும் ஒரு சொல்லையும் கொடுத்தால் அது எதை வெட்டி எதை மிச்சம் வைக்கிறது என்று காட்டும். உங்கள் துறைச் சொற்கள் இருபது முப்பதை இதில் ஓட்டிப் பாருங்கள். விதிப்படி ஈறுகளை வெட்டும் கருவி என்பதால் சில இடங்களில் கூடுதலாக வெட்டும், சில இடங்களில் விட்டுவிடும்.

அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே டிஎஸ்வெக்டரில் (தேடலுக்காகச் சொற்களைப் பிரித்துச் சேமிக்கும் வகை), ஈறுகளை வெட்டாத சிம்பிள் கான்ஃபிக்கில் வந்ததை ‘ஏ’ எடையோடும், தமிழ் கான்ஃபிக்கில் வந்ததை ‘பி’ எடையோடும் சேர்த்து வையுங்கள். தேடும்போதும் இரண்டு கான்ஃபிக்கிலும் குவெரி செய்து ‘அல்லது’ போடுங்கள். அப்படியே பொருந்தும் சொல் மேலே வரும், வேர் பொருந்துவது கீழே வரும். மேலே சொன்ன முன்னொட்டுத் தேடலைச் சிம்பிளோடு மட்டும் செய்யுங்கள். தமிழ் கான்ஃபிக்கில் செய்தால் நீங்கள் வெட்டிய சொல்லை ஸ்டெம்மர் இன்னொரு முறை வெட்டப் பார்க்கும். கான்ஃபிக்கையோ அகராதியையோ மாற்றினால் ஏற்கெனவே சேமித்த டிஎஸ்வெக்டர்கள் தாமாக மாறாது, எல்லாப் பதிவுகளையும் அப்டேட் செய்ய வேண்டும்.

கோயிலா கோவிலா என்ற சிக்கலை எந்த ஸ்டெம்மரும் தீர்க்காது. இருவிதமாக எழுதப்படும் சொற்களுக்கு ஒரு சிறிய டேபிள் வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ‘அல்லது’ போட்டு விரியுங்கள்.

அறிகுறி: பயனர் எழுத்துப்பிழையோடு தட்டினால் ஒன்றும் வரவில்லை

லகர ளகர ழகரம், னகர ணகரம், ரகர றகரம்: பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான். ண, ந இரண்டையும் ன ஆகவும், ள, ழ இரண்டையும் ல ஆகவும், ற என்பதை ர ஆகவும் மாற்றிய தனி நெடுவரிசை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸில் டிரான்ஸ்லேட் சார்பு இதை ஒரே வரியில் செய்யும். முதல் தேடலில் எதுவும் கிடைக்காதபோது மட்டும் இந்த நெடுவரிசைக்குப் போங்கள், இல்லையென்றால் பல்லியும் பள்ளியும் ஒன்றாகிவிடும். மூன்றெழுத்துத் துண்டுகளாக ஒப்பிடும் போஸ்ட்கிரெஸ் நீட்சியான பிஜி_டிரிஜிஎம் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் ஷோ_டிரிஜிஎம் சார்பில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்து, அது எப்படி வெட்டுகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் மெதுவாக இருக்கிறது, அல்லது பிழை வருகிறது

போஸ்ட்கிரெஸில் குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போடுங்கள். ‘செக் ஸ்கேன்’ (டேபிள் முழுவதையும் படிப்பது) என்று வந்தால், முழுஉரைத் தேடலுக்கான ஜின் இண்டெக்ஸ் பயன்படவில்லை. வழக்கமான காரணம்: இண்டெக்ஸில் டு_டிஎஸ்வெக்டருக்குக் கான்ஃபிக் பெயர் கொடுத்திருக்கிறீர்கள், குவெரியில் கொடுக்கவில்லை. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கான்ஃபிக் இல்லாமல் இண்டெக்ஸ் கட்டப் போனால் ‘இம்யூட்டபிள்’ என்று சொல்லி சர்வரே மறுத்துவிடும். இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் 12 முதல் உள்ள ஜெனரேட்டட் நெடுவரிசையாக டிஎஸ்வெக்டரைச் சேமித்து அதன்மேல் ஜின் கட்டுங்கள். தலைப்பையும் உள்ளடக்கத்தையும் இணைக்கும்போது இரண்டுக்கும் கோலெஸ் போட மறக்க வேண்டாம். ஒன்று ‘நல்’ (மதிப்பே இல்லாதது) ஆக இருந்தால் மொத்தமும் ‘நல்’ ஆகி அந்தப் பதிவு தேடலில் இருந்தே மறைந்துவிடும்.

பயனர் இரண்டு சொல் தட்டினால் மட்டும் பக்கம் வெடிக்கிறதா? அவர் தட்டியதை நேராக டு_டிஎஸ்குவெரிக்குக் கொடுத்திருப்பீர்கள். வெப்சர்ச்_டு_டிஎஸ்குவெரி எதைக் கொடுத்தாலும் இலக்கணப் பிழை சொல்லாது. 11 முதல் உண்டு.

‘இண்டெக்ஸ் ரோ சைஸ்’ 2704ஐத் தாண்டிவிட்டது என்று பிழை வந்தால், நீண்ட உரை மேல் சாதாரண பிட்ரீ இண்டெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள். தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட் என்பதால் சுமார் 900 குறியிலேயே இந்த எல்லையைத் தொடும் வாய்ப்பு உண்டு, ஆங்கிலத்தில் சோதித்தவர் கண்ணில் படாது. தேடலுக்கு அந்த இண்டெக்ஸ் எப்படியும் உதவாது, நீக்கிவிடுங்கள். முழு நூலையே ஒரு பதிவில் போட்டால் டிஎஸ்வெக்டரின் 1 எம்பி எல்லையும் குறுக்கே வரும். அத்தியாயமாகப் பிரித்து வையுங்கள்.

இண்டெக்ஸ் பயன்பட்டும் மெதுவாக இருந்தால் டிஎஸ்_ஹெட்லைனைப் பாருங்கள். தேடிய சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டும் அந்தச் சார்பு, டிஎஸ்வெக்டரை விட்டுவிட்டு மூல உரையையே ஒவ்வொரு முறையும் திரும்ப வெட்டுகிறது. ஆயிரம் முடிவுக்கும் அதை ஓட்டிவிட்டுப் பத்தை மட்டும் காட்டுவது வீண். உள் குவெரியில் டிஎஸ்_ரேங்க் வரிசையும் லிமிட் 10உம் முடிந்த பிறகு, வெளிக் குவெரியில் அந்தப் பத்துக்கு மட்டும் ஹெட்லைன் போடுங்கள்.